கிராமமா, டவுனா?

கேள்வி: இளம்பிள்ளைப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி, கொலுசு வேலை. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் சொற்பம். மாடி வீடுகள் நிறைந்துவிட்டன. ஆனாலும் கிராம ஊராட்சிதான், சாக்கடை கிடையாது. நாங்கள் கிராமமா, நகரமா?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: இரண்டும்தான், அம்மா. 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண்டில் ஆறு மாதமாவது உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில். இந்த மூன்றும் குறையாமல் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உங்கள் ஊரை நகரமாக எழுதிக்கொள்ளும். நிர்வாகத்துக்கு அது கிராம ஊராட்சியாகவே நீடிக்கும். நாட்டில் 2001-இல் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011-இல் 3,894 ஆகிவிட்டன. ஆண்களை மட்டும் எண்ணுகிற இந்த விதி எனக்கு ஆறவே ஆறாது. வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கிற பெண்கள் இல்லாமல் உங்கள் ஊர் ஏது?

இந்தப் பக்கத்து ஒன்றியங்களில் ஓவர்சியராக வேலை பார்த்தவன் நான். எந்த ஆபீசிலும் வரைபடம் போட்டு இந்த ஊர்கள் வளரவில்லை. ஒருவர் மேட்டுக்காட்டில் தறி போடுவார். வேலைக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே குடியேறுவார்கள். டீக்கடை வரும், மினிபஸ் வரும். அப்புறம் காட்டுக்காரர் கல் நட்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மனை விற்பார். வண்டி திரும்ப இடமில்லாத தெரு, ஓடை மேலேயே வீடு. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? 2016-இல் உயர் நீதிமன்றம் இப்படி முறையான அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017-இல் அவற்றை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. மனைக்கு ஆவணம் கிடைத்தது, தெரு அகலமாகவில்லை.

பேரூராட்சியாக்கினால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று உங்கள் ஊரில் பயப்படுவார்கள். நியாயமான பயம். 2004-இல் அரசே பல பேரூராட்சிகளை, ஊரக நிதி கிடைக்கட்டும் என்று சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் திருப்பியது.

சாக்கடைக்காகப் பேரூராட்சி ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடை மிச்சமிருக்கும்போதே அளக்க வையுங்கள். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி, ஓடைப் புறம்போக்கின் புல எண்ணைக் குறித்து, கிராம சபையில் மனுக் கொடுங்கள். வெறுமனே 'சாக்கடை வேண்டும்' என்று எழுதினால் தீர்மானப் புத்தகத்தோடு நின்றுவிடும். எண் இருந்தால் சர்வேயர் வந்தாக வேண்டும் என்று வற்புறுத்தலாம்.