அடாப்டர் சூடேறினால்: கேள்வி பதில்

பல்லடம்: ஏனுங்கண்ணா, லேப்டாப் சார்ஜரைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்குதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. நம்மளுது அதுல சேருதான்னு எப்படிப் பாக்கறதுங்க?

படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்க. ஆறியதும் லேபிளில் உள்ள மாடல் எண், வரிசை எண், தயாரித்த தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்குங்க. மெசேஜில் வந்த லிங்க் வேண்டாம். கம்பெனியின் வலைத்தளத்துக்கே நேராகப் போய் அந்த எண்களைப் போட்டுப் பாருங்க.

சில நேரம் கோளாறு அடாப்டர் பெட்டியில் இருக்காது, கம்பியில் இருக்கும். 2014 ஆகஸ்டில் எச்பி திரும்பப் பெற்றது சுவரிலிருந்து அடாப்டருக்குப் போகும் கம்பியை மட்டும்தான். அடாப்டரில் செருகும் முனையில் எல்எஸ்-15 என்று வார்த்திருக்கும். அமெரிக்கா, கனடாவில் மட்டும் அது சுமார் 60 லட்சம். 2010 செப்டம்பரிலிருந்து 2012 ஜூன் வரை விற்ற லேப்டாப்போடு வந்தது. பழைய லேப்டாப் வாங்கினவங்க இன்னைக்கும் பார்க்கலாம்.

திருப்பூர்: மச்சான் ஐரோப்பாவுலருந்து கொண்டாந்த பழைய ஐபோன் சார்ஜர் இருக்குதுங்க. போடலாமுங்களா?

ஏ1300 என்று இருந்தால் போடாதீங்க. ஆப்பிள் 2014இல் அதை ஏ1400ஆக மாற்றித் தந்தது. ஏ1300இல் சிஇ (CE) என்ற ஐரோப்பியக் குறியின் எழுத்துகள் உள்ளே நிறைந்திருக்கும், ஏ1400இல் வெறும் கோட்டு வடிவம்.

திருப்பூர், பனியன் யூனிட்: கேமரா ரெக்கார்டர் அடாப்டர் தொட முடியாத சூடுங்க. அந்த மாடலுக்கு அறிவிப்பு ஒன்னும் இல்லை.

அறிவிப்பு இல்லாததால் நல்ல அடாப்டர் என்று ஆகிவிடாது. வெதுவெதுப்பு இயல்பு, ஐந்து நொடி கை வைக்க முடியாவிட்டால் நிறுத்துங்க. எந்தப் பாகம் சுடுதுன்னு முதல்ல பாருங்க. பிளக் முள் சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாத்துங்க. பெட்டி சுட்டால், ஒன்று பாரம் அதிகம்: ரெக்கார்டருக்குள் இருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டர் அதற்குத் தாங்காது. இல்லாவிட்டால் பஞ்சு. உங்க ஊரில் இதுதான் அதிகம். பெட்டிமேல் பஞ்சு படிந்தால் சூடு வெளியேற வழியில்லை, தீப்பிடிக்கவும் அதுவே போதும். சுவரில் உயரமா, திறந்த இடத்தில் மாட்டுங்க.

கோபி: 12 வோல்ட் 1 ஆம்பியருக்குப் பதிலா 2 ஆம்பியர் போட்டா ரவுட்டர் போயிருமா?

போகாது. வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்கணும், ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. லேபிளில் பிளஸ்-மைனஸ் படம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ரவுட்டரில் செருகும் முனையின் அளவும் ஒத்துப்போகணும், 2.1 மிமீக்கும் 2.5 மிமீக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தளர்வாக இருந்தால் அந்த இடமே உருகும்.

பொள்ளாச்சி: தோட்டத்துச் சாளையில மோட்டார் ஓடறப்ப கரண்ட் ரொம்ப டவுனுங்க. டிவி பாக்ஸ் அடாப்டர் சுடுது.

அதே வேலையைச் செய்ய 150 வோல்ட்டில் அடாப்டர் சுவரிலிருந்து 230இல் இழுப்பதைவிட ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் சூடு. இதைவிட மோசமானது லைனில் நியூட்ரல் கம்பி அறுவது. சிங்கிள் பேஸ் சாக்கெட்டுக்கு 400 வோல்ட் பக்கம் ஏறி அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) வெடிக்கும். விளக்கு திடீர்னு பளீரென எரிஞ்சா உடனே மெயினை அணைங்க, லைன்மேனுக்குச் சொல்லுங்க.

அந்தியூர்: பிரிச்சுப் பாக்கலாமுங்களா?

வேண்டாங்க. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பிரிச்ச அடாப்டரைக் கம்பெனியும் திரும்ப வாங்காமல் போகலாம்.

கோவை: புதுசு வாங்கறப்ப எதைப் பாக்கறதுங்க?

லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியோடு, ஆர் என்று தொடங்கி 8 இலக்க எண் இருக்கணும். கடையில் நின்றபடியே பிஐஎஸ் கேர் செயலியில் போடுங்க. எண் வந்தால் மட்டும் போதாது. அதில் காட்டும் பிராண்டும் பொருளும் கையில் இருப்பதோடு பொருந்தணும். பக்கத்துப் பொருளின் எண்ணைத் திருடி அச்சடிக்கிறவங்க உண்டு. ஒத்துப்போகலைன்னா பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்க. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட 2019 நுகர்வோர் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு.