அணைந்தால் மறுபடி பற்றவைக்கலாம்: சுங்கான் கேள்வி பதில்

நான் சுங்கான், அதாவது புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப், பிடிக்க ஆரம்பித்து 27 வருடங்கள் ஆகின்றன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் முதல் இரண்டு வருடம் நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டுதான் கற்றேன். அதனால் இதைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றும். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் 'பைப்' என்றே கேட்டிருந்தீர்கள். எனக்குச் சுங்கான் என்ற சொல்தான் பிடிக்கும்.

சிகரெட்டும் புகை, சுங்கானும் புகை. இதில் பாடம், ரசனை என்று பேசுகிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?

சிகரெட்டைப் பற்றவைத்து ஓரமாக வைத்தால்கூட அது பாட்டுக்கு எரிந்து முடியும். சுங்கான் அப்படி இல்லை. கவனிக்காவிட்டால் அணையும், அவசரப்பட்டால் சுடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நெருப்பை முக்கால் மணி நேரம் உயிரோடு வைத்திருப்பதுதான் மொத்த வேலையும்.

முதல் தீக்குச்சியைக் காட்டும்போது புகையிலை இழைகள் சுருண்டு, நெளிந்து, அவற்றை அடைத்திருக்கும் கிண்ணத்துக்கு மேலே எழும்பும். டாம்பர் என்கிற சின்ன அமுக்குக் கருவியால் லேசாக அமுக்கி மட்டப்படுத்திவிட்டு இரண்டாவது குச்சியை வட்டமாகச் சுற்றிக் காட்ட வேண்டும். இப்போது மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தணல் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் சூடு உள்ளங்கைக்கு வரும். கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போன்ற சூடு. அந்தச் சூடு கையில் இருக்கும்வரை வேறு எந்த வேலைக்கும் ஓடத் தோன்றாது. எனக்குக் கிடைத்த ரசனை அதுதான்.

ஐயா, எனக்கு ஒரு கிண்ணம் முடிவதற்குள் பத்துத் தடவை அணைந்துவிடுகிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் வெட்கமாக இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை, தம்பி. எனக்கு நேற்றுகூட மூன்று தடவை அணைந்தது. அணையக் கூடாது என்று பயந்து விடாமல் இழுப்பதுதான் பெரிய தப்பு. பயத்தில் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் சூட்டைக் கூட்டும், நாக்கை எரிக்கும், புகையிலையின் ருசியைக் கருக்கிவிடும். அணைந்தால் அணையட்டும். சாம்பலை மெல்ல அமுக்கி, இன்னொரு குச்சியை உரசினால் போயிற்று.

இருந்தாலும் பத்துத் தடவை அதிகம்தான். மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் ஈரம். டப்பாவிலிருந்து எடுத்ததும் அடைக்காமல், ஒரு தாளில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். விரலால் அழுத்தி விட்டால் கட்டியாக நிற்காமல் தானாக விரிய வேண்டும். அடுத்தது அடைக்கிற விதம். அடியில் குழந்தை கை, நடுவில் பெண் கை, மேலே ஆண் கை என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அடியில் தளர்வாக, மேலே போகப் போகக் கொஞ்சம் இறுக்கமாக. பற்றவைக்கும் முன் வெறுமனே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். காற்று சும்மா வந்தால் தளர்வு, கன்னம் ஒட்டிப்போனால் இறுக்கம். இரண்டில் எதுவாக இருந்தாலும் சோம்பல்படாமல் கொட்டிவிட்டு மறுபடி அடையுங்கள்.

மூன்றாவது உங்கள் மூச்சு. சுங்கானை ஓர் இசைக்கருவி மாதிரி நினைத்து இழுக்காதீர்கள். மூக்கால் சுவாசித்துக்கொண்டிருக்கும்போதே வாயோரமாக மெதுவாக உறிஞ்சினால் போதும். சூடு சரியா என்று பார்க்கக் கிண்ணத்தைக் கன்னத்தில் வையுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.

மெதுவாகப் பிடிப்பதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன, தெரியுமா? எல்லோருக்கும் ஒரே மாதிரி சுங்கான், 3 கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி, பற்றவைக்க ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அணையாமல் யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. 3 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். புகை வருகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத்தான் அவர்கள் இழுப்பார்கள்.

டப்பாவைத் திறந்தால் வெனிலா மணம் ஆளைத் தூக்குகிறது. பற்றவைத்தால் ஒன்றையும் காணோமே?

அந்த மணம் புகையிலையின் மேல் தெளித்தது. அதில் பெரும்பகுதி அறையில் இருப்பவர்களுக்குப் போய்விடும். பிடிப்பவர் நாக்குக்கு இனிப்பைவிடச் சூடும் ஆவியும்தான் வரும். வாசனை சேர்க்காத புகையிலைகளில் ருசி வேறு இடத்திலிருந்து வருகிறது. வர்ஜீனியா என்ற புகையிலை வகையில் இலைக்கே உரிய சர்க்கரை உண்டு. லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் காயவைத்த இலை. சிரியாவில் பிறந்தது, இப்போது சைப்ரஸிலிருந்து வருகிறது. அடுப்பங்கரைச் சுவர் மாதிரி மணக்கும். பெரிக் என்பது அமெரிக்காவின் லூசியானாவில் செயிண்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் இலை. சிட்டிகை அளவு கலந்தாலே மிளகு போலச் சுள்ளென்று இருக்கும்.

எந்த மரத்தில் செய்தது நல்லது?

பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர் முண்டு அது. நெருப்பைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். பிரான்ஸில் செயிண்ட்-குளோத் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதற்குப் பேர் போனது. துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டியெடுக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லிலும் செய்கிறார்கள். வருடக்கணக்கில் பிடிக்கப் பிடிக்க அது தேன் நிறத்துக்கு மாறும். சோளக்கட்டையில் செய்ததும் நன்றாகவே புகையும். அதை மட்டமாகப் பேசுபவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அதனால் சுங்கானில் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. இதில் சுற்றிவளைத்துப் பேச எனக்கு மனம் வராது. வாய், உதடு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று எல்லா இடத்துப் புற்றுநோய்க்கும் இது வழி. சுங்கான் புகை காரத்தன்மை கூடியது. அதனால் உள்ளே இழுக்காமலே வாயின் உள்தோல் வழியாக நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறிவிடும். பழக்கமும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் என் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வலி இல்லை என்று நானே அசட்டையாக விட்டிருந்தேன். பல் காட்டப் போன இடத்தில் மருத்துவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் தசை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் சுங்கானைத் தொடவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, அதோடு சரி. குறைத்ததால் ஆபத்து போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை, மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. வருடம் இரண்டு தடவை வாயைக் காட்டிவிட்டு வருகிறேன். உங்களுக்கு வாயில் ஒரு புண்ணோ திட்டோ இரண்டு வாரம் தாண்டியும் ஆறாமல் இருந்தால் இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

அண்ணா, எனக்கு 22 வயது. எந்தப் புகைப் பழக்கமும் இல்லை. ஆரம்பிக்க ஒரு நல்ல சுங்கான் சொல்லுங்கள்.

ஆரம்பிக்காதே, தம்பி. இதில் எனக்குக் கிடைத்தது அவசரப்படாமல் ஒன்றைக் கவனிப்பது. அதைத் தருவதற்கு மரவேலை இருக்கிறது, செடி இருக்கிறது, வீணை இருக்கிறது. எதுவும் வாயைப் புண்ணாக்காது.

என் கணவர் வீட்டுக்குள்ளேயே பிடிக்கிறார். மணம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கைக்குழந்தை இருக்கிறது.

நல்ல மணமாக இருந்தாலும் அது புகைதான், அம்மா. வெளியே போகச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. இதைப் படிக்கக் கொடுத்தாலும் சரி.

சார், மருத்துவர் சொன்னதால் 30 வருடப் பழக்கத்தை விட்டு நான்கு மாதம் ஆகிறது. புகையைவிடக் கைதான் தவிக்கிறது. சாயங்காலம் வந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் செய்தது பெரிய காரியம். நான்கு மாதம் தாண்டியவர் நீங்கள், நான் இன்னும் தாண்டாதவன். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இத்தனை வருடம் அந்த நேரத்தில் யாரும் உங்களைத் தேடியிருக்க மாட்டார்கள். அதே நாற்காலியில் அதே நேரத்துக்கு உட்காருங்கள், அல்லது நாற்காலியைப் பார்த்தாலே ஆசை வருகிறது என்றால் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கைக்கு ஏதாவது கொடுங்கள். விட்டுவிட்ட நண்பர் ஒருவர் சின்னக் கத்தியால் மரக்கரண்டி செதுக்குகிறார். டாம்பர் பிடித்த அதே மூன்று விரல்தான் அங்கேயும் வேலை செய்கிறது என்கிறார். தவிப்பு தாங்க முடியாத அளவுக்குப் போனால் மருத்துவரிடமே சொல்லுங்கள், நிக்கோட்டின் தவிப்புக்கு மருந்து இருக்கிறது. 'ஒன்றே ஒன்று' என்று மட்டும் தொடாதீர்கள்.

சுங்கான் பிடித்தால் யோசனை நன்றாக ஓடுமா?

பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கோபத்தில் பதில் சொல்லப் போகும்போது வாயில் சுங்கான் இருந்ததால் தப்பித்த சண்டைகள் எனக்கு உண்டு. இப்போது அது வாயில் இல்லாத ஆறு நாளும் அந்த இடைவெளியை விட்டுப் பேசப் பார்க்கிறேன். பாதி நாள் முடிகிறது.

அப்பா போன பிறகு அவருடைய சுங்கான் என்னிடம் வந்தது. நான் புகைப்பதில்லை. சுத்தம் செய்து பத்திரமாக வைக்க ஆசை. எப்படிச் செய்வது?

வாயில் வைக்கும் தண்டைக் கழற்றும்போது இழுக்காதீர்கள். ஒரே திசையில் திருகிக்கொண்டே வெளியே எடுங்கள். பல வருடம் ஒட்டிக்கிடந்தால் வராது. அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, ஆல்கஹாலில் நனைத்துத் துளைக்குள் விடுங்கள். கறுப்பாக வரும், அப்புறம் பழுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆல்கஹால் கிண்ணத்தின் வெளிப்பக்கம் படக் கூடாது, மெருகு போய்விடும்.

தண்டு கறுப்பாக இல்லாமல் பச்சை கலந்த பழுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அது எபோனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் காற்றும் பட்டு நிறம் மாறியிருக்கிறது. மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். அதற்குப் பிறகு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கிண்ணத்துக்குள் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அத்தனை வருடமும் அவர் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது அது. தேய்க்கும்போது தண்டின் நுனியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழிகள் விரலில் தட்டுப்படும். அவர் பல் பதிந்த இடம். அங்கே மட்டும் உப்புத்தாளை நிறுத்திவிட்டு, துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.