ஓட்டமும் ஷட்டரும்

அன்புள்ள அண்ணா,

இந்தச் சிவராத்திரிக்கு, குமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்குப் பக்தர்கள் ஓடியே போகும் சிவாலய ஓட்டத்தைப் படம் எடுக்கப் போயிருந்தேன். ஷட்டரை 1/2000 நொடி மட்டும் திறந்து எடுத்ததில் எல்லாரும் சிலை மாதிரி நிற்கிறார்கள். நண்பன் சொன்னானே என்று 1/8-க்கு இறக்கினேன். ஒரே காவிக் குழம்பு. ஓடுகிறவர்களின் உணர்வு படத்தில் வர எந்த ஷட்டர் ஸ்பீடு வைக்க வேண்டும்? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

– மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கு. நிதானமாக ஓடுகிறவர் நொடிக்கு 3 மீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/2000-இல் அவர் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர். 1/8-இல் முக்கால் முழத்துக்கு மேல். முகம் எப்படித் தங்கும்? எது அசைய வேண்டும் என்று மட்டும் யோசித்திருக்கிறீர்கள். எது அசையாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவு செய்தால்தான் படத்தில் உணர்வு வரும்.

முதல் நாள் மாலை, முதல் கோயிலான முஞ்சிறை திருமலையிலிருந்து கிளம்பும்போது கால்களில் புது வேகம் இருக்கும். ‘கோவிந்தா... கோபாலா’ என்று தொண்டையும் கணீரென்றிருக்கும். அங்கே 1/30 வைத்து, ஒருவரைப் பிடித்து, அவர் நெஞ்சோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். பட்டனை அமுக்கிய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். முகமும் விசிறி பிடித்த கையும் ஓரளவு நிற்கும். பின்னால் மரங்கள் கோடுகளாக இழுபடும்.

இதையே மறுநாள், ஓட்டம் முடியப்போகும் திருவிதாங்கோட்டுப் பக்கம் செய்தால் படம் பொய் சொல்லும். மொத்தம் பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். பலருக்கு ஓட்டம் நடையாகியிருக்கும். அங்கே 1/500 போதும். வெடித்த குதிகால், காய்ந்த உதடு எல்லாம் அப்படியே தெரியட்டும். உறைந்த படத்தில் உணர்வு இருக்காது என்பது கேமரா கிளப்களில் சுற்றும் பேச்சு. உங்கள் முதல் படத்திலேயே இடது ஓரத்தில் ஒருவர் மட்டும் பின்னால் திரும்பி யாரையோ தேடுகிறார், பார்த்தீர்களா? அவரைச் சுற்றி வெட்டிப் பாருங்கள்.

1/8-ஐயும் தூக்கி எறிய வேண்டாம். வழியில் மோர் கொடுக்கிறவர்கள் நிற்பார்கள். கேமராவை மதில்மேல் வைத்து, டம்ளரை நீட்டும் ஒரு பாட்டிமேல் ஃபோகஸ் செய்யுங்கள். அவர் நிற்க, கூட்டம் அவரைக் கடந்து காவியாக ஓடும். ஓடுகிறவர்களைவிட அவர்தான் படத்தில் பேசுவார்.

உச்சி வெயிலில் கேமராவின் ஒளியுணர்வைக் குறைத்து ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 16 வைத்தாலும் 1/100-க்குக் கீழே இறங்க முடியாது, படம் வெளுத்துவிடும். ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காக, குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டால் 1/12 கிடைக்கும். இரவில் மட்டும் ஃபிளாஷ் வேண்டாம். வெறுங்காலோடு ஓடுகிறவர் கண்ணில் அடித்தால் ரோட்டுப் பள்ளம் அவருக்குத் தெரியாது.