வைக்கோலுக்குள் பூட்டிய சர்க்கரை

கேள்வி: தானியத்தில் உள்ள மாவுச்சத்தும் வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவை என்று படித்தேன். தானியத்திலிருந்து எளிதாக எடுக்கப்படும் எத்தனாலை வைக்கோலிலிருந்து எடுப்பது மட்டும் ஏன் இத்தனை கடினம்?

பதில்: நீங்கள் படித்தது சரியே, வேறுபாடு அந்தக் குளுக்கோஸ் கோக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. மாவுச்சத்தின் பிணைப்பை நம் உமிழ்நீரில் உள்ள நொதியே அறுத்துவிடும். செல்லுலோஸிலோ நீண்ட நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கிப் படிகம்போல் இறுகிவிடுவதோடு, அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற மற்றொரு சர்க்கரைச் சங்கிலியும் லிக்னின் என்ற கடினமான மரப்பொருளும் காரைபோல் பூசிக்கொண்டு நிற்பதால், நொதி உள்ளே நுழையவே வழி இருப்பதில்லை. ஆகவே முதல் வேலை அந்தக் காரையைப் பெயர்ப்பதுதான். நறுக்கிய வைக்கோலை ஏறத்தாழ 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரையிலான அழுத்த நீராவியில் சில நிமிடங்கள் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால் நார்கள் வெடித்துப் பிரிகின்றன. இதில் வெப்பம் மிகுந்தாலும் ஆபத்துதான்: ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் சர்க்கரை சிதைந்து ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளாகி, சர்க்கரையை எத்தனாலாக்கப் பின்னால் சேர்க்கப்படும் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கும்.

அதன் பிறகே நொதிகளின் முறை வருகிறது. ஒரு வகை நொதி சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு அலகுகளாகக் கழற்றுகிறது. மூன்றாவது அந்த இரட்டைகளைத் தனிக் குளுக்கோஸாகப் பிரிக்கிறது. இத்தனையும் முடிந்த பின்பும், சாதாரண ரொட்டி ஈஸ்ட் குளுக்கோஸை எத்தனாலாக்கும், சைலோஸைத் தொடாது. இதற்காகவே மரபணு மாற்றிய ஈஸ்ட்டுகள் உருவாக்கப்பட்டன. எத்தனால் ஆலைகளின் உண்மையான செலவு நீராவியால் செய்யும் முன்பதப்படுத்தலிலும் நொதியிலும் இருக்கிறது என்பதால், இதைச் சிறு அளவில் செய்து பார்க்குமாறு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அந்த நொதிகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

பதில்: பெரும்பாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று இற்றுப்போனதற்குக் காரணம் தேடியபோது அகப்பட்ட பூஞ்சை அது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரையே பின்னர் அதற்குச் சூட்டினார்கள். கூடாரத்தைத் தின்ற அதே திறமைக்காக இன்று அதைத் தொட்டிகளில் வளர்க்கிறோம்.

கேள்வி: சிறு விவசாயி ஒருவர் பெரிய முதலீடு இல்லாமல் வைக்கோலைப் பயனுள்ளதாக மாற்ற எந்த வழி ஏற்றது?

பதில்: சிப்பிக் காளான். ஆலையில் நீராவி செய்யும் வேலையை இந்தக் காளான் தன் நொதிகளாலேயே செய்துகொள்கிறது. லிக்னினைச் சிதைக்கக்கூடிய மிகச் சில உயிரினங்களில் அதுவும் ஒன்று. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, 70, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போல வைத்து, பிறகு வடியவிட வேண்டும். ஒரு பிடியை எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் உலர்த்த வேண்டும். பையில் வைக்கோலும் காளான் வித்தும் மாறி மாறி அடுக்கி, காற்றுக்குத் துளையிட்டு இருட்டான அறையில் தொங்கவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பை முழுவதும் வெண்ணிற இழை படர்ந்துவிடும்.

இடையில் பச்சைத் திட்டு தெரிந்தால் அந்தப் பையைத் திறக்காமல் அப்புறப்படுத்துங்கள். அது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா இனத்தைச் சேர்ந்த பூஞ்சையாகவே இருக்கும். நொதித் தொழிலுக்குச் செல்லப்பிள்ளையான குடும்பம், காளான் அறையில் எதிரி. வெந்நீர்ப் பதம் போதாததும் ஈரம் மிகுந்ததும் அதன் வழக்கமான காரணங்கள்.

கேள்வி: சாண எரிவாயுக் கலனில் வைக்கோலையும் போடலாமா?

பதில்: போடலாம், தனியாக வேண்டாம். வைக்கோலில் தழைச்சத்தோடு (நைட்ரஜன்) ஒப்பிட்டால் கரிமம் மிக அதிகம் என்பதால் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து போதாது. சாணம் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. நீளமான வைக்கோல் மிதந்து மேலே ஏடுபோல் கட்டி வாயுவை அடைத்துவிடும் என்பதால் பொடியாக நறுக்கிக் கரைத்தே ஊற்ற வேண்டும். காற்றில்லாத கலனுக்குள் லிக்னின் ஏறத்தாழ அப்படியே எஞ்சும்; கழிவுக் குழம்போடு வெளியே வரும் அந்த நார்ப்பகுதியை உரக்குழியில் சேர்த்துவிடலாம்.