வீடு காலி செய்கிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

காலியாகிற வீடுகளைக் கழுவி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துச் சாவியைக் கொடுப்பது என் தொழில். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஓடிக்கொண்டிருப்பேன். ஆடி முடிந்தால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு மாறக் கிளம்பிவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சில இவை.

கொடுங்கையூர்: அண்ணா, போர் தண்ணி உப்பு பாத்ரூம் டைல்ஸ்லயும் குழாய்லயும் கல்லு மாதிரி படிஞ்சிருக்கு. ஆசிட் ஊத்திடலாமா?

வேண்டாம்மா. ஆசிட் உப்போடு நிற்காது. டைல்ஸ் இடுக்கில் இருக்கிற வெள்ளை சிமெண்டையும் அரித்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கும், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். குழாயின் பளபளப்பும் போய்க் கறுத்துவிடும். உப்புக்கறைக்காக யாரும் பெரிதாக அட்வான்ஸில் பிடிப்பதில்லை. கறுத்த குழாய்க்குப் பிடிப்பார்கள்.

கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட் தூள்) வாங்கி, ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரையுங்கள். வினிகரும் சரிதான். பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் விட்டுப் பிளாஸ்டிக் நாரால் தேயுங்கள். டைல்ஸிலும் அதே மாதிரி ஈரத்துணியை ஒட்டி வைக்கலாம். கம்பி நார் கூடாது, கீறல் விழும். கெட்டியான உப்பு ஒரே தடவையில் போகாது. அதனால் சாமான் ஏற்றுகிற அன்று ஆரம்பிக்காமல் ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ எலுமிச்சை உப்போ வினிகரோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நம்ம பக்கத்து பாத்ரூம்களில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தாலே அதிசயம்.

ராயபுரம்: எங்களுடையது பழைய வீடு, மொசைக் தரை. அதுக்கும் எலுமிச்சை உப்புதானா?

ஐயோ, இல்லை. மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லு. புளிப்பான எது பட்டாலும் அரிக்கும், தரை மங்கிவிடும். அப்புறம் பாலிஷ் மெஷின்தான் வர வேண்டும். கொஞ்சம் சோப்பு ஆயில் கலந்த வெந்நீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

பெரம்பூர்: எக்ஸாஸ்ட் ஃபேன்ல எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி ஒட்டியிருக்கு.

சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். இறக்கை இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் சலவை சோடா போட்ட சூடான தண்ணீரில் ஊற வையுங்கள். அலுமினியம் என்றால் சோடா ஆகாது, கறுத்துவிடும்; பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும். மோட்டாரை நனைக்கவே கூடாது.

எர்ணாவூர்: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. சுவர்ல அந்தக் கோடு இன்னும் இருக்கு. வெள்ளை அடிச்சுக் கொடுத்துட்டுப் போன்னு ஓனர் சொல்றார்.

அந்தச் சுவர்கள் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளை அடிப்பது வீண் வேலை, சில வாரத்தில் எண்ணெய் மேலே வந்து மறுபடி கோடு தெரியும். பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இல்லையென்றால் ஆயில் பிரைமர் அடித்து அடைத்த பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும். இது குடியிருந்தவர் செய்த அழுக்கு இல்லை. நீங்கள் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் கொடுங்கள், மிச்சம் ஓனர் பாடு. அந்த வருடம் எடுத்த போட்டோ போனில் இருந்தால் காட்டுங்கள்.

வண்ணாரப்பேட்டை: பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறாங்களே, நியாயமா?

ஊர் வழக்கம் அப்படித்தான் ஓடுகிறது. சட்டம் வேறு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, உடைந்த தாழ்ப்பாள் இதெல்லாம் குடியிருப்பவர் கணக்கு. பிடித்தம் போக மீதி அட்வான்ஸை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ‘பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்று ஒரு வரி நுழைந்திருக்கும். கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வரி இருந்தால் சுவரைத் தேய்த்து முதுகை ஒடித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் காசுக்குத்தான் அவர் பெயிண்ட் அடிக்கப் போகிறார். ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து மூடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரி இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

காசிமேடு: ஜன்னல் கம்பி எல்லாம் துரு.

கடல் காற்று. தூசி தட்டுங்கள், போதும்.

வியாசர்பாடி: பூஜை அலமாரியில் ஒட்டின சாமி ஸ்டிக்கர் வர மாட்டேங்குது. பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு மாமியார் வேற சொல்றாங்க.

ஸ்டிக்கர் மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பழைய ஏ.டி.எம். கார்டால் நெம்பினால் வந்துவிடும். துடைப்பத்தை விட்டுவிட்டே போங்கள், அடுத்து வருகிற என்னை மாதிரி ஆளுக்கு உதவும். ஆனால் பழைய மெத்தையை விட்டுப் போகாதீர்கள், அதைத் தூக்க ஆள்கூலி என்று பிடிப்பார்கள். இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் காயலாங்கடைக்கு. மெத்தைக்கு மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: சாவி கொடுக்கிற அன்னைக்கு என்ன பாக்கணும்?

மீட்டர். கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள். நடுவில் காலி செய்தால் ஓனர் ஒரு குத்துமதிப்புத் தொகை சொல்வார். போர்ஷன் வீடு என்றால் உங்கள் சப் மீட்டரை அவர் எதிரிலேயே போட்டோ எடுத்து, யூனிட் கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடி, லைட் ஃபேன் போட்டுக் காட்டி, ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். சாவி அதற்கப்புறம்.