தீபாவளி வாணங்கள் வெள்ளைத் திட்டாகப் பதிவாவது ஏன்?

வணக்கம். மதுரையில் மொட்டை மாடியிலிருந்து 249 கிராம் ட்ரோனைப் பறக்கவிட்டு எடுத்த தீபாவளி வீடியோவில் வாணமெல்லாம் வெள்ளைத் திட்டாக இருக்கிறது, வெளிச்சமும் ஏறி இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேமராவில் பழுது இருக்காது, ஆட்டோ மோடுதான் காரணம். இருட்டைப் பார்த்து ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிவிடும். வெடித்ததும் சட்டென்று இறக்கும்.

மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 100, நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி, நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் 4500 கெல்வின் அளவில் நிலையாக. திரையில் தெருவே தெரியாத மாதிரி இருக்கும், பயந்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிடாதீர்கள். அப்போதுதான் பச்சையும் சிவப்பும் நிறமாகவே பதியும்.

நம் ஊரில் மாலையில் என்றால் 7 முதல் 8 வரைதான் வெடிக்க அனுமதி. முதல் சில நிமிடங்களை விட்டுவிடாதீர்கள், அப்புறம் புகை மூடிவிடும். காற்று வரும் திசையில், வெடிக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். நேர் மேலே வேண்டவே வேண்டாம். கீழே ஆட்கள் இருப்பார்கள்.

இருட்டில் தடை உணரும் சென்சார்களை நம்ப முடியாது. அதனால் ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தை, அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை, சுற்றியுள்ள தென்னை, செல்போன் டவரைவிட அதிகமாக வையுங்கள். இறக்கும்போது மாடி விளக்கு எரியட்டும்.

250 கிராமுக்குள் என்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை, சரி. ஆனால் சிவப்பு மண்டலத்தில் (அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத பகுதி) உள்ள தடை அதற்கும் உண்டு. கிளம்பும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள ட்ரோன் வரைபடத்தில் உங்கள் தெருவைப் பாருங்கள்.