அமெரிக்கக் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் இன ஏற்றத்தாழ்வு என்றால் என்ன?

ஒரே நோய், ஒரே வயது. ஆனாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பழங்குடிக் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடைக்கும் பலன், சராசரியாக, வெள்ளையினக் குழந்தைகளைவிடக் குறைவாக இருப்பதையே இப்படிச் சொல்கிறார்கள்.

காரணங்களில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே தொடங்குகின்றன: காப்பீட்டுக் குறைவு, மாசு மிகுந்த குடியிருப்பு, தொலைவில் உள்ள மருத்துவமனை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்குத் தொடர்ந்து மருந்து கிடைக்காவிட்டால், மூச்சு முட்டிய பிறகுதான் அந்தக் குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேரும். தீயணைப்பு வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தகவல் தாமதமாகப் போனால் வீட்டில் பாதி எரிந்திருக்கும் அல்லவா?

உள்ளே வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், குழந்தையின் நிலையை அவர்களால் முழுதாகச் சொல்லவும் முடியாது, கேட்டறியவும் முடியாது. கருவிகூட நடுநிலையானதல்ல, எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தோலின் வழியே ஒளியைச் செலுத்தி ஆக்ஸிஜனைக் கணிக்கிறது. கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும். பெரியவர்களிடம் நடந்த, 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்ஸிஜன் குறைவு, வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய 3 மடங்கு காணப்பட்டது.

“அவர்கள் உடல்வாகே அப்படி, பரம்பரைக் கோளாறு” என்று பலர் நினைப்பது தவறு. இனம் என்பது சமூகம் வகுத்த பிரிவு, இந்த இடைவெளியின் பெரும்பகுதியை மரபணு விளக்குவதில்லை.